சூட்டுப்பெட்டிக்கும் காற்று வேண்டும்

1936 ஜூன் 15, திங்கள்

இன்று மூன்றாவது பெட்டியும் புகைந்துவிட்டது.

மத்தியானம் நாற்று வீட்டுக்குள் கால் வைத்ததுமே தார் உருகும் வாடை. மெயின் சுவிட்சை இழுத்துவிட்டு மின்சார மிஸ்திரி பவுல்ராஜுக்கு ஆள் அனுப்பினேன். எனக்கு முன்பே, பாத்தி வேலை பார்க்கும் சின்னத்தாய் பெட்டிகள் இருக்கும் அலமாரிக் கதவை விரியத் திறந்துவிட்டிருந்தாள். "பொகை போகட்டும்னு தெறந்தேன் டீச்சரம்மா" என்றாள். பள்ளிக்கூடத்தை விட்டு இந்த நாற்று வீட்டுப் பொறுப்புக்கு வந்து எத்தனையோ வருடமாகிறது. ஏலப்பாறைச் சுற்று வட்டாரத்தில் நான் இன்னும் டீச்சரம்மாதான்.

எடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவ மழை தொடங்கினால் இந்த மலையில் பகலும் இருட்டு. கொயினா மருந்துக்காக வளர்க்கும் சிங்கோனா நாற்றுகள் வெளுத்துச் சாகின்றன. அதற்காகத்தான் எஸ்டேட் துரை சீமையிலிருந்து ஆறு பாதரச விளக்குகளை வரவழைத்தார். ஒவ்வொரு விளக்குக்கும் ஓர் இரும்புப் பெட்டி உண்டு. உள்ளே கம்பிச் சுருள் வைத்துத் தார் ஊற்றி அடைத்தது. விளக்கு அளவுக்கு மீறி மின்சாரத்தை இழுக்காமல் அதுதான் மட்டுப்படுத்துகிறது. அது கொஞ்சம் சூடாவது இயல்பு. பெண்கள் சூட்டுப்பெட்டி என்கிறார்கள். ஒழுகும் கூரைக்குப் பயந்து எல்லாவற்றையும் பின்சுவரில் ஒரு மர அலமாரிக்குள் வைத்திருக்கிறோம்.

மர அலமாரி. உருகும் தார். ராத்திரியிலும் விளக்கு எரிந்திருந்தால்?

ஜூன் 16

துரை வந்து பார்த்தார். பவுல்ராஜின் வேலை சரியில்லை என்பது அவர் முடிவு. அடுத்த சனிக்கிழமைக்குள் காரணம் தெரியாவிட்டால் வேறு மிஸ்திரியை வைப்பாராம். வேலை போனால் வீடும் போகும். அவன் மனைவி சிசிலிக்கு ஏழாம் மாதம். இந்த மழையில் வயிற்றுப்பிள்ளையோடு எங்கே இறங்கிப் போவாள்?

பவுல்ராஜ் தலை குனிந்து நின்றான். துரை போன பிறகு, "வயரிங்ல தப்பு இருந்தா நானே மூட்டையக் கட்டிருவேன் டீச்சரம்மா. தப்பு எங்கன்னு தெரியாமப் போறதுதான் வயித்தெரிச்சல்" என்றான்.

ஜூன் 17

பகல் முழுதும் நானும் அவனும் பெட்டிகளோடு. அவன் முறை எனக்குப் பிடித்திருக்கிறது. முதலில் மெயினை இறக்கிப் பியூஸைக் கழற்றிச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொள்கிறான். வேறு யாரும் தெரியாமல் போட்டுவிடக் கூடாதே. பிறகு பெட்டி ஆறும்வரை காத்திருப்பு. தொடும்போது காலடியில் உலர்ந்த பலகை. உள்ளங்கையால் அல்ல, புறங்கையால்; ஷாக் அடித்தால் விரல் மடங்கிப் பிடித்துக்கொள்ளுமாம்.

கம்பி முனைகளில் ஒரு திருகாணி தளர்ந்திருந்தது. முறுக்கினான். காற்றுத் துளைகளில் விட்டில் பூச்சிகள் செத்து அடைத்திருந்தன. துடைப்பத்தால் தட்டினேன். ஓடை வெள்ளத்தில் டர்பைன் வேகமாக ஓடி மின்சாரம் ஏறுகிறதோ என்று சந்தேகப்பட்டோம். மீட்டர் முள் வழக்கமான அளவுக்கு மேல் ஏறவில்லை. பியூஸ் கம்பியும் சரியான கனம்தான். விளக்கைப் போட்டுச் சாயங்காலம்வரை அலமாரி அருகிலேயே உட்கார்ந்திருந்தான். வெதுவெதுப்புக்கு மேல் ஏறவில்லை.

"நான் இருந்தா மாமியாரக் கண்ட மருமக மாதிரி அடங்கிக் கெடக்கு. நான் அங்கிட்டுப் போனதும் ஆட்டம்" என்றான்.

சின்னத்தாய் நாற்றுப் பாத்தியிலிருந்து தலை தூக்காமலே, "அப்ப மருமக மேல குத்தமில்ல. மாமியா எதுக்கு இங்கனயே குத்த வச்சிருக்காரு?" என்றாள். பெண்கள் சிரித்தார்கள். அந்த நீல வெளிச்சத்தில் உதடெல்லாம் கறுப்பாகத் தெரியும். பொண வெளிச்சம் என்பார்கள். "செத்ததுக சிரிக்கிறதப் பாருங்க" என்றாள் பூமாரி.

ஜூன் 18

மழை. இன்றும் பவுல்ராஜ் காவல். பெட்டிகள் ஒழுங்கு. ஒன்றும் புரியவில்லை.

ஜூன் 20, சனி

டர்பைன் வாயில் இலை அடைத்துக்கொண்டது என்று பவுல்ராஜ் காலையிலேயே ஓடைக்குப் போய்விட்டான். அவன் சரிசெய்து மின்சாரம் வந்து கொஞ்ச நேரத்தில் நான்காவதாக ஒரு பெட்டி கொதித்தது. எனக்கு வாடை வந்தபோது அலமாரி திறந்திருந்தது. திறந்தது சின்னத்தாய்.

திங்களன்று கெட்டுப்போன பெட்டி என் மேஜைமேல் இருக்கிறது. இறுகிப்போன தாரைப் பேனாக்கத்தியால் சுரண்டினேன். மேல்மூடியின் ஓரத்தில் கருகிய துணி ஒட்டியிருந்தது. பழஞ்சேலைக் கிழிசல். சிவப்புக் கரை இன்னும் தெரிகிறது.

துணியை மேலே போட்டு மூடினால் பெட்டி எப்படி மூச்சுவிடும்? கொதிக்காமல் என்ன செய்யும்? காரணம் கிடைத்துவிட்டது. சந்தோஷப்பட வேண்டியவள், கோபத்தோடு இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். பவுல்ராஜ் வாசலில் நின்று "உள்ள வரலாமா?" என்று குரல் கொடுக்காமல் வரமாட்டான். நல்ல பழக்கம் என்று நானே மெச்சியிருக்கிறேன். அந்தக் குரல் கேட்டதும் துணியை எடுத்துவிடுகிறார்கள். அவன் வேலை போகப்போகிறது என்று தெரிந்தும்!

ஆனால் ஏன்? கம்பளியும் சேலையும் கூலிக் குடியிருப்பான லயத்தில் அடுப்புக்கு மேலே கொடி கட்டித்தானே காயவைக்கிறார்கள்?

ஜூன் 22, திங்கள்

பாத்திக் கரையில் வைத்துச் சின்னத்தாயிடம் கிழிசலைக் காட்டினேன். "ஆளைக் கொல்லப் பார்த்தியா? ஈரத்துணி, மின்சாரப் பெட்டி—" என்று கத்தினேன். கடைசியில் பூமாரிதான் அழுதுகொண்டே, "அது வீட்டுவெலக்குத் துணி டீச்சரம்மா" என்றாள்.

கிழிசலைக் கைக்குள் மடித்துக்கொண்டேன்.

சின்னத்தாய் அப்போதுதான் வாய் திறந்தாள். "அடுப்புக்கு மேல அதப் போடலாமா? சோறு பொங்குற அடுப்பு. வெளிய போட்டா எடவப்பாதில எங்க காயும்? லயத்துல ஒத்த அறை, மாமனாரு, கொழுந்தன். ஈரத்துணியவே கட்டிக்கட்டித் தொடையெல்லாம் புண்ணு. அந்தப் புண்ணோட மேட்டுல ஏறிப் பாருங்க. இங்க சூடா ஒரு பெட்டி. ஆம்பள கண்ணுல படாத அலமாரி. போட்டோம்."

"பவுல்ராஜிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"எந்த வாயால சொல்லச் சொல்றீக?"

வேறு இடம் பார்க்கும்வரை பெட்டிமேல் எதையும் போடாதீர்கள் என்றேன். நெருப்புப் பிடித்தால் முதலில் சாவது உள்ளே இருக்கும் நீங்கள்தான் என்றும் சொன்னேன். தலையாட்டினார்கள்.

இத்தனை வருடம் இவர்களோடு வேலை செய்கிறேன். நான் என் துணியை எங்கே காயவைக்கிறேன்? என் அறையில், கதவைத் தாழிட்டு, கரிக்கணப்பு பக்கத்தில், நாற்காலி முதுகில். இவர்கள் எங்கே காயவைப்பார்கள் என்று ஒருமுறையாவது யோசித்தேனா? நாற்றுக்கு வெளிச்சம் போதாது என்று மட்டும் துரைக்குப் பக்கம் பக்கமாக எழுதினேன்.

ஜூன் 23

சனிக்கிழமை வருகிறது. சொன்னால் பெண்களின் மானம். சொல்லாவிட்டால் சிசிலிக்கு வீடு இல்லை.

பவுல்ராஜிடம் இவ்வளவுதான் சொல்ல முடிந்தது: "பெட்டிமேல் துணி காய்ந்திருக்கிறது. பெண்கள் சமாச்சாரம். மேலே கேட்காதே." அவனுக்குக் காது சிவந்தது. கோபித்துக்கொள்வான் என்று நினைத்தேன். "பெட்டிக்கு மேல சரிவா வலை அடிச்சிரலாம் டீச்சரம்மா. எதப் போட்டாலும் வழுக்கிரும்" என்றான். பிறகு தரையைப் பார்த்துக்கொண்டே, "சிசிலியும் லயத்துலதான இருக்கா. அவளும் சொன்னதில்ல" என்றான்.

வலை போதாது. வலை அடித்தால் பெட்டி பிழைக்கும். அவர்கள் மறுபடியும் ஈரத்துணிதான் கட்டுவார்கள்.

ஜூன் 24

துரையின் ஆபீசில் நின்றுகொண்டே பேசினேன். பெட்டிகள் மூடப்பட்டதால் கொதித்தன, பவுல்ராஜின் வேலையில் குறையில்லை என்றேன். எதனால் மூடப்பட்டன? துணியால். யாருடைய துணி? எல்லாருடையதும். என்ன துணி?

சொன்னேன். நேராக, சுற்றி வளைக்காமல், அவர் முகத்தைப் பார்த்து. கூடவே புண்களைப் பற்றியும், அடுப்பைப் பற்றியும்.

அவர் பைப்பைக் கையில் எடுத்தார், வைத்தார். ஜன்னலைப் பார்த்தார். என்ன வேண்டும் என்று கேட்டார். மர அலமாரி கூடாது. பின்சுவரை ஒட்டிச் செங்கல் அறை, இரண்டாகத் தடுத்தது, என்றேன். சரி சரி, கட்டிக்கொள், தயவுசெய்து வேறு யாரிடமும் இதை விவரிக்காதே என்றார். பவுல்ராஜ்? அவன் இருக்கட்டும்.

வீடு திரும்பும் வழியெல்லாம் ஒரே யோசனை. இங்கிலீஷில் சொன்னதால்தான் வாயில் வந்தது. மதராஸ் கல்லூரியில் உடற்கூறு வகுப்பில் படித்த சொற்கள். அவற்றில் யாருடைய உடம்பும் இல்லை. அதையே தமிழில் பவுல்ராஜிடம் என்னால் சொல்ல முடியவில்லை. சின்னத்தாய்க்கு அந்த இங்கிலீஷும் இல்லை. அவளைப் பார்த்துக் கத்தினேன்.

ஜூலை 9

அறை முடிந்தது. தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் கல் பலகைமேல் பெட்டிகள். ஒன்றுக்கொன்று ஒரு கை இடைவெளி, மேலே சரிவான வலை, பூட்டு. சாவி பவுல்ராஜிடம். சுவருக்கு அந்தப் பக்கம் கொடிகள். சூடான காற்று போவதற்கு மட்டும் சுவர் உச்சியில் துளைகள். அங்கிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர்கூடப் பெட்டிக்கு வராது. அந்தக் கதவு உள்பக்கம் தாழ் போட்டுக்கொள்வது.

பவுல்ராஜ் எல்லோரையும் நிற்க வைத்துச் சொன்னான்: "பெட்டிய ஒட்டிப் பெட்டி வச்சா ரெண்டும் வேகும். எல்லாத்துக்கும் காத்து வேணும்."

"ஆட்டும் மாமியாரே" என்றாள் சின்னத்தாய்.

ஜூலை 17

பெட்டிகள் வெதுவெதுப்பு. புறங்கையை வைத்து நிதானமாகப் பத்துவரை எண்ணலாம்.

ஆகஸ்ட் 3

சிசிலிக்குப் பெண் குழந்தை. பவுல்ராஜ் நாற்று வீட்டுப் பெண்களுக்குக் கருப்பட்டி கொடுத்தான். வாசலில் நின்று குரல் கொடுத்துவிட்டுத்தான்.

ஆகஸ்ட் 12

விடாத மழை. என் வீட்டில் கரி முழுக்க நனைந்து போய்விட்டது. கணப்பு மூட்ட முடியவில்லை. காலையில் என் துணியைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டு நாற்று வீட்டுக்குப் போனேன். கொடி அறை வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு உள்ளே போனேன்.

சின்னத்தாய் இருந்தாள். நான் காகிதத்தைப் பிரிப்பதைப் பார்த்தாள். கொடியின் ஓரத்தில், அவளுடைய சிவப்புக் கரைத் துணியை ஒட்டி, அவசரமாகப் போட்டேன்.

"அப்படி ஒட்டிப் போடாதீக டீச்சரம்மா" என்று தன்னுடையதைத் தள்ளி, நடுவில் இடம் விட்டாள். "எல்லாத்துக்கும் காத்து வேணும்ல."