மூன்றாம் கிடங்கின் கிழக்குச் சுவர்

காரைக்கால்
17-10-1977

மதிப்பிற்குரிய மதார் சாகிப் அவர்களுக்கு,

வணக்கம். இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும் என்றுதான் இதை எழுதுகிறேன். துபாயில் மகன் வீட்டில் தாங்களும் பத்ருன்னிசா அம்மாளும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். கடைசியில் பெயர் போடுவதா வேண்டாமா என்பதை எழுதி முடித்த பிறகு பார்த்துக்கொள்கிறேன்.

ஊரில் மழை இன்னும் பிடிக்கவில்லை. குறுவை நெல் வந்து குவிந்துகொண்டிருக்கிறது. தங்கள் கிடங்குகள் மூன்றும் நிரம்பிவிட்டன. தங்கள் மருமகன் சேக் அலாவுதீன் இதை மட்டும் தங்களுக்கு எழுதியிருப்பார். அவர் எழுதாமல் விட்டது இது.

மூன்றாம் கிடங்கின் கிழக்குச் சுவரில் விரிசல் கண்டது போன வருடம். விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை வைத்து இரண்டு முனைகளையும் சிமெண்டால் பூசி, அதன் மேல் பெயிண்டால் தேதி எழுதினேன்: 27-7-1976. சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்து காட்டிக்கொடுத்துவிடும். பத்தொன்பது வருடமாகத் தங்கள் கட்டடங்களைப் பராமரிப்பவனுக்கு இதைவிட நம்பகமான காவல்காரன் தெரியாது. அன்று தாங்கள் பக்கத்தில் நின்று, “என்ன, ஏழுக்கு இடுப்புல அரைஞாண் கட்டி வுட்டுருக்கீங்க?” என்று சிரித்தீர்கள். பிரெஞ்சுப் பள்ளியில் படிந்த பழக்கம். ஏழு எழுதினால் நடுவில் ஒரு கோடு தானாக விழுந்துவிடும்.

தாங்கள் துபாய் போன பிறகு பூமிநாதன் பராமரிப்பு மேற்பார்வையாளரானான். வேலைக்கு வந்து இரண்டு வருடம்கூட ஆகவில்லை. ஏணியை ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் கூரைமேல் ஏற மாட்டான். மருமகனுக்கு ஏன் அவனைப் பிடித்துப்போயிற்று என்று நான் நெடுநாள் யோசித்தேன். அந்தக் கிழக்குச் சுவரைத் தாங்க முட்டுச்சுவர் கட்டவென்று பர்மிட்டில் வாங்கிய சிமெண்டு சித்திரையில் வந்து இறங்கியது. வைகாசியில் அது அங்கே இல்லை. அதே வைகாசியில் தலத்தெருவில் பூமிநாதன் வீட்டுக்கு மாடி எழும்பியது. அந்த மூட்டைகள் அங்கேதான் போயின என்று நான் சத்தியம் செய்ய முடியாது. முட்டுச்சுவர் எழும்பவில்லை என்று சத்தியம் செய்ய முடியும்.

ஆவணியில் ஒரு நாள் எதேச்சையாக அந்தக் கண்ணாடியைப் பார்த்தேன். முழுசாகத்தான் இருந்தது. தேதியும் 27-7-1976தான். ஆனால் ஏழு மூன்றிலும் குறுக்குக்கோடு இல்லை.

யாரோ உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டு வேறு ஒட்டியிருக்கிறார்கள். பூமிநாதனிடம் கேட்டேன். மூட்டை தூக்குபவர்கள் எல்லோரும் கேட்கும்படி, “அண்ணே, ஒங்களுக்கு வயசாயிட்டு. செவுத்துக் கண்ணாடியப் பாத்தது போதும், மூஞ்சிக்கு ஒரு கண்ணாடி வாங்கிப் போட்டுக்குங்க” என்றான். எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பை நான் மறக்கவில்லை, மறக்கவும் மாட்டேன்.

சுவருக்கும், மூட்டைகளை அடுக்கிய அட்டிக்கும் நடுவே ஆள் நடக்க வழி விட வேண்டும் என்பது தாங்கள் வைத்த விதி. இப்போது அட்டி சுவரோடு சாய்ந்து கூரை வரை நிற்கிறது. சுவர் வெளிப்பக்கமாகத் தள்ளுகிறது. வெளிப்பக்கத்தில்தான், சிந்திய நெல்லைப் புடைக்கும் அஞ்சுகம், செல்லம்மா முதலிய ஆறு பெண்கள் தினமும் பிற்பகல் நிழலில் உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள்.

போன வாரம் அவர்களை எழுந்து போகச் சொன்னேன். அஞ்சுகம் சோற்றைப் பிசைந்துகொண்டே, “நீங்க ஒட்டுன கண்ணாடிதான அய்யா முழுசா நிக்கிது? செவுரு நவுந்தா அது ஒடைஞ்சிடும்னு எங்களுக்குச் சொன்னதே நீங்கதான. பூமிநாதன் மேல உள்ள கடுப்ப எங்க சோத்துல கொண்டாந்து கொட்டாதீங்க” என்றாள்.

அந்தக் கண்ணாடி நான் ஒட்டியதல்ல என்று சொல்லாமலே திரும்பி வந்தேன். ஏன் என்பதை எழுதாவிட்டால் இந்தக் கடிதமே பொய்.

நான் முதலில் ஒட்டிய கண்ணாடி போன மார்கழியிலேயே உடைந்துவிட்டது. கட்டடத்தைப் பார்வையிட வெளியிலிருந்து ஆட்கள் வரவிருந்த சமயம். மருமகன் என்னைத் தனியே கூப்பிட்டு, “வேற கண்ணாடி ஒட்டி அதே தேதியப் போட்டுடுங்க. மேற்பார்வையாளர் வேலைக்கு மாமாவுக்கு ஒங்க பேரத்தான் எழுதப் போறேன்” என்றார். ஒட்டினேன். என் கையால், கோடு போட்ட ஏழோடு, அதே தேதியை எழுதினேன். தை பிறந்ததும் வேலை பூமிநாதனுக்குப் போயிற்று. அவன் செய்தது என்னிடமிருந்து கற்றதாகக்கூட இருக்கலாம். என் கண்ணாடியும் உடைந்த பிறகுதானே அவன் ஒட்டியிருக்க வேண்டும்? அப்படியானால் சுவர் இரண்டு முறை நகர்ந்துவிட்டது.

இந்தப் பகுதியைக் கிழித்துவிட்டு, பூமிநாதனைப் பற்றி மட்டும் எழுதி அனுப்பலாம் என்று இப்போது ஒரு கணம் நினைத்தேன். அப்படி அனுப்பினால் வேலை கிடைக்காதவன் பொருமல் என்று தாங்கள் மடித்து வைத்துவிடுவீர்கள். அதனால் இருக்கட்டும்.

எனக்கு எதுவும் வேண்டாம். பூமிநாதனை என்ன செய்வது, மருமகனை என்ன கேட்பது என்பது தங்கள் குடும்ப விஷயம். மழை இறங்குவதற்குள் ஒரு தந்தி கொடுங்கள். கிழக்குச் சுவரடியில் யாரும் உட்காரக் கூடாது, அட்டியைப் பிரித்து அடுக்க வேண்டும், அவ்வளவுதான். நான் சொன்னால் கேட்காதவர்கள் தாங்கள் சொன்னால் கேட்பார்கள். தங்களையும் தங்கள் வீட்டாரையும் ஆண்டவன் நன்றாக வைக்கட்டும். அந்த ஆறு பெண்களுக்கும் ஏதும் ஆகாமல் பார்த்துக்கொள்ளட்டும்.

கையெழுத்துப் போடப் பேனாவை இரண்டு தடவை வைத்து எடுத்துவிட்டேன். போட்டால், இந்தக் கடிதம் என்றாவது மருமகன் கைக்குப் போகும்போது என்னை ஒழித்துக்கட்ட அதுவே போதும். தாங்கள் அவரிடம் காட்ட மாட்டீர்கள் என்று நம்பவும் எனக்கு மனம் வரவில்லை.

மேலே எழுதிய தேதியை இப்போதுதான் பார்க்கிறேன். மூன்று ஏழிலும் கோடு விழுந்திருக்கிறது. வேறு தாளில் மாற்றி எழுத நேரம் இருக்கிறது, மாற்றப் போவதில்லை. இங்கே கடைத்தெருத் தபால் பெட்டியில் போட்டால் யார் கண்ணிலாவது படும். ஊருக்கு வெளியே தருமபுரம் வரை நடந்துபோய், கையெழுத்து இல்லாமலே இதை அங்குள்ள பெட்டியில் போட்டுவிடுகிறேன்.