தட்டைத் தாங்கின இரும்பு

என்னங்க,

சாப்பாடு அடுப்பு மேல மூடி வச்சிருக்கேன். ஆறிப்போறதுக்குள்ள சாப்பிடுங்க.

காலையில சமையலறைச் சுவத்துத் தட்டு ஒரு பக்கம் தொங்குது, டப்பாவெல்லாம் தரையில! வாயில வந்தபடி திட்டித் தீர்த்தேன். நல்லவேளை, குறட்டையில உங்களுக்குக் கேட்கல.

வெளிய போனாத்தான் தெரியுது. தட்டைத் தாங்கின இரும்பு இப்போ என் பழைய பைக்குல புது சைலன்சரைத் தாங்குது. பொருந்தாத சைலன்சரை ராத்திரியெல்லாம் முழிச்சு எப்படியோ பொருத்திட்டீங்க. ஒரே உதையில ஸ்டார்ட் ஆச்சு. பழைய குழாய் ஓட்டை வழியா கால்ல அடிச்ச அனலும் இல்ல. உங்களைக் கையெடுத்துக் கும்பிடலாம் போல இருந்துச்சு.

தட்டுல இருக்கற இன்னொரு இரும்பையாவது விட்டு வைங்க.

மறந்துட்டேன்: கால்ல சூடு பட்ட தழும்பை நான் உங்ககிட்ட காட்டவே இல்லையே. எப்போ பார்த்தீங்க?