மைக் வந்துவிட்டது

ஜூன் 14, சனி

மேடவாக்கம் பள்ளியில் கணக்கு டீச்சர் வேலைக்கு இன்று காலை எனக்கு ஆன்லைனில் இன்டர்வியூ. நான் பேசியது அவர்களுக்குக் கேட்கவே இல்லை. நேற்று இவர் கம்ப்யூட்டரில் விண்டோஸுக்குப் பதிலாகப் போட்டிருக்கும் லினக்ஸை அப்டேட் செய்ததில் மைக் போய்விட்டது. போனிலிருந்து சேர்ந்துகொள்கிறேன் என்றேன். "இரு, இதோ வந்துடும்" என்று என் தோளுக்கு மேலே குனிந்து ஏதேதோ தட்டிக்கொண்டிருந்தார். அவர்கள் அடுத்த ஆளைக் கூப்பிட்டுவிட்டார்கள்.

தூக்கிப்போட வேண்டிய இந்தப் பழைய கம்ப்யூட்டர் இன்னும் ஓடுவதே லினக்ஸால்தான். வைரஸ் என்று ஒருநாளும் படுத்ததில்லை. அதை நானே பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமையடித்திருக்கிறேன்.

மதியம் சாப்பிடக்கூட இவர் எழுந்து வரவில்லை. சாயங்காலம் சமையலறைக்கு ஓடிவந்தார். "சல்மா, மைக் வந்துடுச்சு! செட்டிங்ஸ்ல ஒரே ஒரு வரிதான் தப்பு. வா, பேசிப் பாரு."

இன்டர்வியூவைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அவ்வளவு சந்தோஷமாக இருந்தார். போய் உட்கார்ந்தேன்.

"காலையில அவங்க கேட்ட முதல் கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும்" என்றேன்.

கம்ப்யூட்டர் அதை என் குரலிலேயே திருப்பிச் சொன்னது.

"பாத்தியா, எவ்வளவு க்ளியரா இருக்கு" என்றார்.