மேல் மாடிக்கு வெயில் வந்த வழி

பிப்ரவரி 18, 2025

இன்றும் மத்தியானம் என் கணவர் தேவன் பனியனெல்லாம் நனைந்து கீழே இறங்கி வந்தார். வீட்டிலிருந்தே கால் சென்டர் வேலை பார்க்கும் நான், காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு யாரோ ஒருவரின் இன்சூரன்ஸ் புகாரைக் கேட்டுக்கொண்டிருந்தேன். என் நாற்காலிக்குப் பக்கத்தில் வெறுந்தரையில் படுத்துக்கொண்டார். ராத்திரி முழுக்க, பீடோரில் காய்கறி ஏற்றிக் கோலாலம்பூருக்கு லோரி ஓட்டுகிற மனிதர். பகலில்தான் தூங்க வேண்டும். மேலே படுக்கையறையில் ஏர்கோன் காலையிலிருந்து ஓடுகிறது. பிறகு ஏன் அறை குளிரவில்லை?

பிப்ரவரி 19

சாப்பிட்டு முடித்த பிறகு மெல்லச் சொன்னார். போன வாரம் தஞ்சோங் மாலிம் தாண்டி, லோரி சாலைத் தடுப்பில் உரசிவிட்டதாம்.

"கண்ணு மூடினதே தெரியல லதா. சத்தம் கேட்டுத்தான் முழிச்சேன்."

இன்னொரு தடவை நடந்தால் சாவியை வாங்கிக்கொள்வேன் என்று லோரி முதலாளி, தவுக்கே, எச்சரித்திருக்கிறார். இவருக்குச் சாவியைப் பற்றித்தான் கவலை. எனக்கு — ஐயோ, ஒரு வாரமா சொல்லாம எப்படி இருந்தாரு இந்த மனுசன்?

பிப்ரவரி 20

அவர் வேலைக்குப் போன பிறகு அறையைக் கையால் தொட்டுப் பார்த்தேன். தரை சில்லென்று இருந்தது. மேற்குச் சுவர் வெதுவெதுப்பு. நாற்காலி மேல் ஏறி சீலிங்கைத் தொட்டால், அடுப்பை அணைத்த பிறகும் ஆறாத தோசைக்கல் மாதிரி இருக்கிறது. வெளியே எப்போதோ இருட்டிவிட்டது. இத்தனை சூடு அங்கே எப்படித் தங்குகிறது?

பிப்ரவரி 22

ஏர்கோன் பழுது பார்க்கிறவர் வந்தார். மெஷினில் கோளாறு இல்லை, இதைவிடப் பெரியதாக மாட்ட வேண்டும் என்றார். சூடு எந்த வழியாக வருகிறது என்று கேட்டேன். "வெயில்தான் அக்கா," என்றார். வெயில் என்பது எனக்கும் தெரியும். வழியைத்தானே கேட்டேன்?

பெரிய ஏர்கோனையே வாங்கிவிடலாம் என்கிறார் தேவன்.

பிப்ரவரி 23

இங்கிலாந்தில் நர்ஸாக இருக்கும் விமலா அக்கா வீடியோவில் வந்தாள். ஜன்னலுக்குப் பின்னால் பனி. ஆனால் இந்தக் குளிர்காலத்தில் ஹீட்டரை ரொம்ப நேரம் போடுவதில்லையாம். கூரைக்கு அடியில் தடிமனாகப் பஞ்சு மாதிரி ஒன்றை விரித்த பிறகு, வீட்டுச் சூடு மேலே ஓடிப்போவதில்லையாம்.

உள்ளே இருக்கிற சூட்டை வெளியே விடாதது, வெளியே இருக்கிற சூட்டை உள்ளே விடுமா என்று கேட்டேன். சிரித்தாள்.

"தெரியலயேடி. நீ பார்த்துட்டு எனக்குச் சொல்லு."

பிப்ரவரி 25

இரண்டு பிஸ்கட் டின்களில் ஒரே அளவு ஐஸ் போட்டேன். ஒன்றைப் பழைய துண்டுகளால் சுற்றினேன். இரண்டையும் கார் நிறுத்தும் இடத்தில் வெயிலில் வைத்தேன். மதிய இடைவேளையில் போய்ப் பார்த்தால், சும்மா இருந்த டின்னில் தண்ணீர்தான். சுற்றியதில் ஐஸ் இன்னும் கிடந்து கடகடவென்று ஆடியது!

இத்தனை வருடம் துணி சுற்றினால் சூடாகும் என்றுதான் நினைத்திருந்தேன். துணி எதையும் சூடாக்குவதில்லை. இந்தப் பக்கத்துச் சூட்டை அந்தப் பக்கம் போக விடாமல் தடுக்கிறது, அவ்வளவுதான்.

பிப்ரவரி 26

தேவனிடம் ஆசையாகப் போய்ச் சொன்னேன். "நான் என்ன ஐஸ் கட்டியா? தூக்கம் இல்லாம செத்துக்கிட்டு இருக்கேன், நீ டின்ன வச்சு விளையாடுறே," என்று சொல்லிவிட்டு, லோரியிலேயே படுத்துக்கொள்வதாகக் கிளம்பிப் போய்விட்டார்.

விளையாட்டா? இவருக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்னு நெனச்சுப் பார்த்தாரா?

அவருக்கு எடுத்து வைத்த சோற்றை மூடி வைத்தேன்.

மார்ச் 5

பக்கத்து வீட்டு பக்கீர் முகம்மது அண்ணனிடம் ஏணி கேட்டேன். நோன்பு என்பதால் பகலில் அவர் உணவுக்கடை மூடியிருக்கிறது. யார் ஏறுவது என்று கேட்டார். நான்தான் என்றேன். "அப்ப நான் புடிச்சுக்கிறேன்லா, பார்த்து ஏறு தங்கச்சி," என்றார்.

சீலிங் பலகையை நகர்த்தித் தலையை உள்ளே விட்டதும், இட்லிப் பானையைத் திறந்த மாதிரி முகத்தில் அடித்தது. டார்ச் அடித்துப் பார்த்தேன். மேலே ஓடு, கீழே மெல்லிய சீலிங். நடுவில் ஒன்றுமே இல்லை. ரப்பர் மரங்களை எல்லாம் சாய்த்துவிட்டுக் கட்டிய தாமான், வரிசை வீட்டுக் குடியிருப்பு இது. நிழலுக்கு ஒரு மரம் கிடையாது, கூரைக்கு அடியில் ஒரு தடுப்பும் கிடையாது.

இறங்கி வந்து கண்ட எல்லாவற்றையும் அண்ணனிடம் ஒப்பித்தேன். அவர் தம் வீட்டுக் கூரையை ஒரு பார்வை பார்த்தார்.

மார்ச் 8

ஹார்ட்வேர் கடையில் அக்கா சொன்ன பஞ்சு மாதிரி ராக்வூல் சுருள்கள் கிடைத்தன. விடிந்தும் விடியாமலும், கூரை சூடேறுவதற்குள், கையுறையும் முகக்கவசமும் போட்டுக்கொண்டு அண்ணனும் நானும் சீலிங் பலகைக்கு மேலே முழுக்க விரித்தோம். கழுத்தெல்லாம் ஒரே அரிப்பு.

தேவன் வந்து பார்த்தார். இந்த முறை வீட்டிலேயே படுத்தார்.

மார்ச் 9

மத்தியானம் வரை தூங்கினார். பிறகு புரளுகிற சத்தம்.

மார்ச் 10

சீலிங் இப்போது கைக்கு இதமாக இருக்கிறது. அப்படியானால் மிச்சச் சூடு? சாயங்காலம் மேற்குச் சுவரில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். எங்களுடையது வரிசையில் கடைசி வீடு. மத்தியானத்திலிருந்து பொழுது சாயும் வரை அந்தச் சுவர் வெயிலைக் குடிக்கிறது. தேவன் பின்னால் வந்து நின்றதை நான் கவனிக்கவில்லை. அவரும் கையை வைத்தார்.

"இங்கதான் தலை வச்சுப் படுக்கிறேன்," என்றார்.

மார்ச் 13

காலையில் லோரியிலிருந்து ஒரு பெரிய கறுப்பு வலைச் சுருளோடு இறங்கினார். காய்கறித் தோட்டத்தில் நாற்றுகளுக்கு மேலே கட்டுகிற வலை. ராத்திரி அங்கே சரக்கு ஏற்றும்போது கேட்டு வாங்கினாராம்.

"கீரைக்கே நெழல் கட்டுறானுங்க. நம்ம சுவத்துக்குக் கட்டினா என்ன?"

சுவரை ஒட்டாமல், காற்று போக இடம் விட்டுக் கட்ட வேண்டும் என்று அவரே சொன்னார். ஏன் என்று கேட்டேன். வலை சுட்டாலும் அந்தச் சூட்டை நடுவில் போகிற காற்று கொண்டுபோய்விடுமாம். யோசித்திருக்கிறார் — சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே இருந்தேன். தூக்கத்தைக்கூட மறந்து இரண்டு பேரும் கட்டி முடித்தோம்.

மார்ச் 20

சாயங்காலம் என் வேலை முடிந்து மேலே போனேன். ஏர்கோன் ஓடவில்லை. எப்போது அணைத்தாரோ தெரியாது. விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது. தேவன் சுவர்ப் பக்கம் திரும்பி, வாய் லேசாகத் திறந்திருக்கத் தூங்கினார். தோளைத் தொட்டு எழுப்பினேன்.

"விடிஞ்சிருச்சா?"

பொழுது சாய்கிறது என்றேன். ஜன்னலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"கிளம்ப இன்னும் நேரம் இருக்குல்ல?"

இருக்கிறது என்றேன். மறுபடியும் படுத்துக்கொண்டார். கதவை மெதுவாகச் சாத்திவிட்டுக் கீழே வந்தேன்.