அமலா வீட்டுக்கான நட்சத்திரம்

டிசம்பர் 22, திங்கள். ஜெயங்கொண்டம்.

மாலையில் வீட்டுக்கு வந்தபோது ஸ்டெல்லா குறுக்குத் தையலில் ஒரு நட்சத்திரம் தைத்துக்கொண்டிருந்தாள். தலையணை உறை தைத்ததில் மிஞ்சிய துணியும் நூலும். கிறிஸ்துமஸ் மரத்தில் தொங்கவிடுவதற்காகத் தெருவில் மற்ற எல்லாருக்கும் ஆளுக்கொன்று கொடுத்துவிட்டாள். இது யாருக்கு என்று கேட்டேன்.

"எதிர்வூட்டு அமலாவுக்குத்தாங்க. காலைல பூசைக்குப் போறப்ப குடுக்கணும்."

அமலாவின் கணவர் கூட்டுறவுச் சங்கச் செயலாளர். விவசாயிகளுக்கு வந்த யூரியாவை அவர் வெளியில் விற்றது பற்றிய என் செய்தி நாளைய பேப்பரில் வருகிறது. மதியம் அவரிடம் விளக்கம் கேட்டேன். அமலாவிடம் அவர் சொன்னாரா என்று தெரியவில்லை.

ஸ்டெல்லாவிடம் சொன்னேன். ஊசி நின்றது.

"உண்மைதானா?"

"ரசீதெல்லாம் பாத்துட்டுத்தான் எழுதுனேன்."

"அப்ப இப்பவே குடுத்துடுறேன். நாளைக்கு எந்த மூஞ்ச வச்சிக்கிட்டுப் போறது?"

அவசரமாக முடிச்சுப் போட்டு எடுத்துப் போனாள். திரும்பி வர வெகுநேரம் ஆயிற்று. வாசலிலேயே நின்றிருந்தேன்.

"சொல்லிட்டியா?"

"இல்லைங்க. அவரு ரூம விட்டு வெளியவே வரல. அமலா காபி போட்டுக் குடுத்தா. கெளம்பறப்ப இதையும் குடுத்தா."

உள்ளங்கையைத் திறந்து காட்டினாள். பாதி தீர்ந்த பச்சை நூல்கண்டு.

"அடுத்த வருஷம் தைக்கறதுக்காம்."

படுத்துவிட்டாள். தூங்கவில்லை.