அந்தச் சனிக்கிழமைத் தூக்கம்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
7-3-1938

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு, உங்கள் மனைவி அமல்ராணி எழுதிக்கொள்வது. நானும் நம் குழந்தை சூசை மேரியும் தேவ கிருபையால் இருக்கிறோம். நலம் என்று எழுதக் கை வரவில்லை.

நேற்று விடியற்காலை வண்டிக்கு நீங்கள் புறப்பட்டுப் போனதுகூட எனக்குத் தெரியாது. பிள்ளை பிறந்த இந்த நாற்பத்தொரு நாளில் முந்தாநாள் சனிக்கிழமை ராத்திரிதான் நான் விடிய விடியத் தூங்கினேன். பக்கத்து வீட்டு அஞ்சம்மாள் தட்டி எழுப்பினபோது வெயில் ஏறிவிட்டது. "இன்னாடி இப்படித் தூங்கிக்கினு கீற, புள்ள ஒடம்பு சில்லுனு கீது பாரு" என்றாள். உதடு நீலம் பாரித்திருந்தது. மார்பில் வைத்தால் வாய் திறக்கவில்லை. ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். "புள்ளைக்கு யாராச்சும் எதையாச்சும் குடுத்தீங்களா?" என்று டாக்டர் மூன்று தரம் கேட்டார். மாதா மேல் ஆணையாக யாரும் எதுவும் கொடுக்கவில்லை என்றேன். சாயங்காலம் நான்கு மணிக்குத்தான் கண் விழித்தாள்.

ராத்திரி பசித்து அழுது அழுது அடங்கியிருப்பாள். நீங்கள் வாசலில் படுத்திருந்தீர்கள், உங்களுக்கு எப்படிக் கேட்கும்? பக்கத்தில் கிடந்த என் காதில் விழவில்லை. என்னை மன்னியுங்கள்.

இப்படிக்கு,
அமல்ராணி

விழுப்புரம்
10-3-1938

அன்புள்ள அமல்ராணிக்கு, சவுரிராயன் எழுதுவது.

குழந்தை பிழைத்ததற்கு மாதாவுக்கு ஸ்தோத்திரம். இப்போது நன்றாகப் பால் குடிக்கிறாளா? மூச்சு சரியாக இருக்கிறதா? முகம் பார்க்கிறாளா? உடனே எழுது.

உன் பேரில் குற்றம் ஒன்றும் இல்லை. நடந்ததை யாரிடமும் சொல்லிப் பேச்சு வளர்க்க வேண்டாம். ஆஸ்பத்திரிக்கும் மறுபடி போக வேண்டாம். லோகோ ஷெட்டில் என்ஜினுக்குக் கரி ஏற்றும் வேலை அதிகமாக இருக்கிறது. இந்தச் சனிக்கிழமை வர முடியாது. ரயில்வே வீட்டுக்கு மறுபடி மனுக் கொடுத்திருக்கிறேன். கிடைத்ததும் உங்களை இங்கே அழைத்துக்கொள்வேன். நேரத்துக்குச் சாப்பிடு.

சவுரிராயன்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
21-3-1938

அன்பும் மரியாதையும் உள்ள மாமாவுக்கு,

இரண்டு சனிக்கிழமையாக நீங்கள் வரவில்லை. குற்றம் இல்லை என்று எழுதினீர்கள். கோபம் இல்லை என்று எழுதவில்லை.

குழந்தை நன்றாக இருக்கிறாள். இனி அப்படி நடக்காது. தூளிக் கயிற்றின் நுனியை மணிக்கட்டில் கட்டிக்கொண்டு உட்கார்ந்தே இருக்கிறேன். கண் சொக்கினால் முகத்தில் தண்ணீர் அடித்துக்கொள்கிறேன். நேற்று கேப்பை மாவு என்று நினைத்து அடுப்புச் சாம்பலைக் கரைத்துவிட்டேன். அஞ்சம்மாள் சிரித்தாள், பிறகு அழுதாள்.

கோயிலில் என் பாவத்தைச் சொல்லிப் பாவசங்கீர்த்தனம் செய்தேன். "தூங்குனது பாவமில்லம்மா, போயி நல்லாத் தூங்கு" என்றார் சாமியார். எனக்கு மனது ஒப்பவில்லை. தவக்காலம் முடியும்வரை புதனும் வெள்ளியும் வெறும் தண்ணீர்தான் என்று நானாகவே நேர்ந்துகொண்டேன். அதனால் பால் குறைந்துவிட்டது. பிள்ளை ஓயாமல் அழுகிறாள். அழட்டும். அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்கு உயிர் வருகிறது.

ஒரு தரம் வந்து என்னைத் திட்டிவிட்டாவது போங்கள்.

அமல்ராணி

விழுப்புரம்
24-3-1938

அமல்ராணி,

முதலில் ஏதாவது சாப்பிடு. பிறகு இதைப் படி.

அந்தச் சனிக்கிழமை ராத்திரி நான் வீட்டுக்குள் வந்தபோது நீ அடுப்புக்கு முன்னால் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு, உட்கார்ந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாய். பிள்ளையைச் சுற்றின துணியின் ஓரம் கருகிப் புகைந்தது. கையாலேயே அணைத்தேன். உன்னிடம் சொல்லவில்லை. இன்னும் ஒரு ராத்திரி நீ தூங்காவிட்டால் உங்கள் இரண்டு பேரையும் இழந்துவிடுவேன் என்று பயந்தேன்.

என் சட்டைப்பையில் அபின் இருந்தது. கூட வேலை செய்யும் முத்துசாமி கொடுத்தது. "கடுகுல பாதி குடுப்பா, எங்க வூட்டுப் புள்ளைங்க எல்லாம் அப்படி வளந்ததுதான்" என்றான். நீ பாயில் படுத்த பிறகு அதைச் சர்க்கரைத் தண்ணீரில் குழைத்து, பிள்ளையின் நாக்கில் தடவினேன். பாதிக் கடுகா, ஒரு கடுகா, சிம்னி விளக்கு வெளிச்சத்தில் எனக்குச் சரியாகத் தெரியவில்லை.

விடியற்காலையில் அவளைத் தொட்டுப் பார்த்தேன். குளிர்ந்திருந்தாள். பனியினால் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஸ்டேஷனுக்கு நடந்தேன். பயந்துதான் ஓடினேன்.

அவள் அழவே இல்லை. அழுதிருந்தால் நீ எழுந்திருப்பாய்.

உன் முதல் கடிதத்துக்கே இதைப் பதிலாக எழுதியிருக்க வேண்டும். என் பாவத்துக்கு நீ பட்டினி கிடக்கிறாய். எந்த முகத்தோடு அங்கே வருவது?

சவுரிராயன்

சேசு மரி சூசை துணை

திண்டிவனம்
4-4-1938

மாமாவுக்கு,

உங்கள் கடிதம் நீங்கள் எழுதின மறுநாளே, வெள்ளிக்கிழமை வந்தது. அன்றே கஞ்சி குடித்தேன். மறுநாள் டாக்டரிடம் போனேன். "அபினுங்க. அவங்க அப்பா குடுத்தாரு" என்றேன். அவர் வெகுநேரம் குழந்தையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "பொழைச்சுக்கிச்சு. இனிமே யாரையும் குடுக்க வுடாதே" என்றார். இப்போது பால் ஊறுகிறது.

அபினுக்காகக்கூட உங்களை வெறுக்க என்னால் முடியவில்லை. அன்றைக்கு எனக்காகப் பயந்தது நீங்கள் ஒருவர்தான். ஆனால் பத்தொன்பது நாள், என் பிள்ளையை நானே சாகக் கொடுக்கப் பார்த்தேன் என்று நினைத்துக் கிடந்தேன். அதை எழுதினேன். நீங்கள் படித்து, மடித்து வைத்துவிட்டுக் கரி வாரப் போனீர்கள். அதை மன்னிக்க எனக்கு மனது வரவில்லை. வருவிக்கப் பார்த்தேன், வரவில்லை.

இப்போது வர வேண்டாம். உயிர்த்த ஞாயிற்றுக்கு முந்தின பெரிய சனிக்கிழமை வாருங்கள். அன்று ராத்திரி முழுக்கப் பிள்ளை உங்களிடம் இருக்கட்டும். அழுதால் தோளில் போட்டுக்கொண்டு நடங்கள். பசிக்கு மட்டும் என்னை எழுப்புங்கள். நான் உள்ளே படுத்துக்கொள்வேன்.

பிள்ளை உங்கள் கையில் இருக்கும்போது எனக்குத் தூக்கம் வருகிறதா என்று நான் பார்க்க வேண்டும்.

அமல்ராணி