பாத்துக்குங்க

நவ. 11, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். குடை ஆபீசிலேயே மறதி. சார் இன்றிலிருந்து விடுப்பு, மகள் பிரசவம், கோவை. நகராட்சிக் குடிநீர்ப் பிரிவின் பொறுப்பு என்னிடம். எனக்கோ தகுதிகாண் பருவமே முடியவில்லை. காரில் ஏறியபடி சார், "எல்லாம் பாத்துக்குங்கம்மா."

"எதுவரைக்கும் நானே முடிவெடுக்கலாம் சார்?"

"அதான் சொன்னேனே, பாத்துக்குங்க."

கண்ணாடி ஏறிவிட்டது.

வாங்க வேண்டியது: ரவை, பேனா ரீஃபில்.

நவ. 12, புதன்

கனமழை. மேட்டுத் தெருக் குழாயில் குடிநீர் லேசான ரோஸ் நிறம். பட்டு நூல் சாயப்பட்டறைக் கால்வாய் நிரம்பி, குழாய் விரிசலில் இறங்குகிறது போல. மாதிரி ஆய்வுக்குப் போயிருக்கிறது. முடிவு வெள்ளிக்கிழமை. அதுவரை குடிக்கிறவர்கள்?

நான்காவது தடவை கூப்பிட்டபோதுதான் சார் போனை எடுத்தார். "நிறுத்தணும்னா நிறுத்துங்க. ஆனா நாளைக்கு அங்க கவுன்சிலர் வீட்டுக் கல்யாணம், பேஜாராயிடும். பாத்துக்குங்க." எழுத்தில் தரச் சொல்லி மெசேஜ் அனுப்பினேன். பதிலுக்குக் கும்பிடும் கை படம் ஒன்று.

நிர்வாகப் புத்தகங்களில் அதிகாரப் பகிர்வுக்குக் கட்டம் கட்டமாக அம்புக்குறி இருக்கும். இங்கே ஒரே சொல். செய் என்றும் படிக்கலாம், செய்யாதே என்றும்.

மாலை, ஏழுமலை அண்ணன். தண்ணீர் திறந்துவிடுபவர். தொப்பலாக நனைந்திருந்தார்.

"மேடம், காலைல வால்வு தொறக்கவா, வேணாமா?"

"நிலைமையப் பாத்து... நீங்களே பாத்துக்குங்கண்ணா."

என் வாயிலிருந்தேதான் வந்தது. அவர் நகரவில்லை. சிரித்தார்.

"எனக்குக் கீழ யாரும் இல்லீங்களே. நான் யாருகிட்ட போயி பாத்துக்கன்னு சொல்றது?"

காது சூடேறிவிட்டது.

"தொறக்காதீங்க. லாரித் தண்ணி அனுப்புறேன்."

"எழுதிக் குடுத்துடுங்க மேடம்."

வழக்கமாகச் சாரின் பதவியை எழுதி, 'க்காக' சேர்த்து, கீழே என் கையெழுத்து. இன்று அதை அடித்துவிட்டு என் பெயர் மட்டும்.

நவ. 13, வியாழன்

மழை விட்டது. சாப்பாடு: ஒரு வாழைப்பழம். லாரி இரண்டு, போதவில்லை. கல்யாண வீட்டு வாசலில் கவுன்சிலர்: "யாரக் கேட்டு நிறுத்தின? சாம்பாருக்குத் தண்ணி உங்க ஆபீஸ்லருந்து வருமா?"

"யாரையும் கேக்கலீங்க. நான்தான் நிறுத்தினேன்."

குடத்தோடு நின்ற ஒரு அம்மா, நேற்றுப் பிடித்த பாட்டிலை கவுன்சிலர் முகத்துக்கு நேரே ஆட்டினார். "இந்தா தம்பி, இத ஊத்து. சாம்பாரு நல்லா கலரா வரும். நாங்க ரெண்டு நாளா இதத்தான் குடிச்சிகினு இருந்தோம்."

சிரிப்பு. கவுன்சிலர் போனை எடுத்துக்கொண்டு உள்ளே போனார். சற்று நேரத்தில் சார் என்னைக் கூப்பிட்டார். அவராகக் கூப்பிடுவது இதுவே முதல்.

"பாத்துக்கன்னா இப்படியா? நாளைக்கு விளக்கம் எழுதி வை."

'ங்க' போய்விட்டது. வேலையும் போகுமா? அம்மாவிடம் சொல்லவில்லை.

நவ. 14, வெள்ளி

வெயில். புடவை காய்ந்தது. விளக்கத்தைக் காலையிலேயே எழுதிச் சார் மேசையில் வைத்தேன்.

மதியம் முடிவு வந்தது: குடிக்க உகந்ததல்ல. சாருக்கு அனுப்பினேன். உடனே போன்.

"பாத்தீங்களாம்மா, நான்தான் அன்னைக்கே சொன்னேனே, பாத்துக்குங்கன்னு! அந்த விளக்கம்லாம் வேணாம், கிழிச்சிடுங்க."

'ங்க' திரும்பி வந்துவிட்டது.

கிழிக்கவில்லை. மேசையிலேயே இருக்கிறது. முதல் வரி: நான் நிறுத்தினேன்.